ஏழு பேருக்கும் பூஜ்யம்

பிரதீப் மாஷ் அந்த விடைத்தாள்களை என் மேஜையில் வைக்கவில்லை. போட்டார். அது என் சாயா கிளாஸில் இடித்து, பாதி சாயா மேஜையிலும் மீதி ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் வழிந்தது.

"டீச்சரோட ஏழு ரத்தினங்கள்," என்றார். "ஏழு பேருக்கும் பூஜ்யம். இருபதுக்குப் பூஜ்யம். இனி சிபாரிசுன்னு என்கிட்ட வர வேண்டா."

வெளியே கர்க்கடக மாத மழை. ஸ்டாஃப் ரூம் முழுக்க நனைந்த குடை நாற்றம். பக்கத்துக் கோடவுனிலிருந்து சுக்கு வாசனை வேறு. நான் கைக்குட்டையால் சாயாவை ஒற்றிக்கொண்டே தாள்களைப் புரட்டினேன். ரபீக், பூஜ்யம். முத்துராஜ், பூஜ்யம். மிச்ச ஐந்து பேருக்கும் அதே வட்டம், சிவப்பு மையில், கொஞ்சம் சந்தோஷமாகவே போடப்பட்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. மாஷ் மேல் அல்ல, அந்த ஏழு தடியன்கள் மேல்.

ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு விடை, அதில் ஒன்றுக்கு டிக். கண்ணைக் கட்டிவிட்டு டிக் போடச் சொன்னால்கூட இருபதில் ஐந்து தேறும். பூஜ்யம் வாங்க வேண்டுமென்றால் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தானே அதைத் தொடாமல் இருக்க முடியும்?

அது பிரதீப் மாஷ் நடத்தும் கணித பேட்சுக்கான தேர்வு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் பேரைப் பொறுக்கியெடுத்து, மேல் வகுப்பு அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார்கள். போட்டித் தேர்வுகளுக்கு அனுப்புவதெல்லாம் அந்த பேட்சிலிருந்துதான். ஏழாம் வகுப்பில் அந்தக் கதவு சாத்தினால் சாத்தினதுதான். இந்த ஏழு பேரும் அதைத் தங்கள் கையாலேயே இழுத்துச் சாத்தியிருந்தார்கள்.

கடைக்குப் போதும்

தோப்பும்படியிலிருந்து இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர், "வாராவாரம் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறீர்களே, சாந்தமான நினைவே கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது ஐயா. ஆனால் அதெல்லாம் பள்ளிக்கூட விடுமுறையில் நடந்தது.

மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு வகை. எங்கள் வீட்டைப் போலத் தலைமுறைகளாக இங்கே மளிகை, மசாலா வியாபாரம் பார்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் ஒரு வகை. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. வீட்டில் நாங்கள் அவர்களைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்போம். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, மலையாளிகள் வாயில் எல்லோரும் 'பாண்டி'.

ரபீக் முதல் வகை. அவன் வாப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சாயாக்கடை. முத்துராஜ் இரண்டாவது வகை. அவன் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். தமிழில் பேசி, மலையாளத்தில் எழுதி, இரண்டிலும் கெட்ட வார்த்தை தெரிந்த பிள்ளைகள். கடைசி இரண்டு பெஞ்சு அவர்களுடையது. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அங்கிருந்து விடை வரும். கை தூக்குகிற வழக்கமெல்லாம் கிடையாது, கத்தல்தான். வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால்தான் ஒருவர் காதில் விழும் என்கிற குடும்பங்கள். அதனால் நடத்தை என்கிற கட்டத்தில் அவர்களுக்கு எப்போதும் ஏதாவது எழுதப்பட்டிருக்கும்.

நான் படித்த காலத்தில் எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஒருமுறை நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு அவர் முன்னால் நின்றேன். தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "கடையில கணக்குப் பார்க்க இது தாராளம். உங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துல வரும். அல்ஜீப்ரா எல்லாம் வேற விஷயம், மோளே," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாக்கியம் மட்டும் இன்னும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஜோசி சாருக்கு ஏழு

அன்று அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்துவிட்டு நான் எழுந்தேன். வெள்ளைத்தாளை எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். "இருபது வரைக்கும் நம்பர் போடுங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ஏ, பி, சி, டி, வாயில வந்ததை எழுதுங்க. கேள்வி கிடையாது."

"இது என்ன களி டீச்சரே?" என்றார் ஜோசி சார். எங்கள் டிரில் மாஸ்டர், எதையும் களியாக, விளையாட்டாகப் பார்க்கிறவர். ஆனால் எழுதினார். மலையாளம் டீச்சர் எழுதினார். ஹிந்தி டீச்சர் பருப்பு வடையைத் தின்றுகொண்டே எழுதினார். பிரதீப் மாஷ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு வந்த ஹெட்மாஷ், பாவம், என்ன ஏது என்று கேட்காமலே ஒரு தாளை வாங்கி எழுத உட்கார்ந்துவிட்டார்.

திருத்தினேன். ஹிந்தி டீச்சருக்கு ஆறு. மலையாளம் டீச்சருக்கு மூன்று. ஹெட்மாஷுக்கு நான்கு, அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஜோசி சாருக்கு ஏழு. அவர் விசிலடித்து, "அப்போ நான் பேட்சுல சேரலாமா?" என்றார்.

"பாருங்க," என்றேன். "கேள்வியே படிக்காதவங்க யாருக்கும் பூஜ்யம் வரலை. கேள்வியைப் படிச்ச ஏழு பேருக்கும் பூஜ்யம் வந்திருக்கு. இந்த மாதிரி ஆயிரம் பேர் கண்ணை மூடிக்கிட்டு எழுதினா மூணு பேருக்குத்தான் பூஜ்யம் விழும். ஒரே வகுப்புல, ஒரே பெஞ்சுல, ஏழு பேருக்கு விழுமா?"

ஹெட்மாஷ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வரலாறு படித்தவர். "டீச்சரே, நீங்க சொல்றது எனக்குப் பாதி புரியுது. ஆனா பூஜ்யம் வாங்கினவனை பேட்சுல சேர்த்தேன்னு பி.டி.ஏ. மீட்டிங்ல எப்படிச் சொல்லுவேன்? பூஜ்யம் பூஜ்யமல்லே?"

"பூஜ்யம்தான் சார். ஆனா இது உழைச்சுச் சம்பாதிச்ச பூஜ்யம்."

ஒரு மறுதேர்வுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் ஜோசி சார், "எனக்கும் இன்னொரு தடவை எழுதணும்," என்று அடம் பிடித்ததால் வந்த சிரிப்பில்.

தோற்கவும் தெரிய வேண்டும்

மாடிப்படிக்குக் கீழே ஏழு பேரையும் நிறுத்தினேன். ஒருத்தன் சுவரைப் பார்த்தான், ஒருத்தன் என் செருப்பைப் பார்த்தான்.

"ஏன்டா?"

முத்துராஜைப் பிடித்தேன். அவன் கோல்கீப்பர். பந்தைப் பிடிப்பான், வாயில் எதையும் பிடித்து வைக்கத் தெரியாது.

"களி டீச்சர்," என்றான்.

"என்ன களி?"

"செவன்ஸ். பேட்ச் நாலு மணிக்கு வைப்பாங்க. நாலு மணிதான் கிரவுண்டு எங்களுக்கு. அஞ்சரைக்குப் பெரிய கிளாஸ் சேட்டன்மாரு வந்து வெரட்டிருவாங்க. எங்கள்ல ஒருத்தன் பாஸாயிட்டான்னா ஆறு பேரு. ஆறு பேர வச்சு எப்படி டீச்சர் செவன்ஸ் ஆடுறது?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பந்து என்றால் கால்பந்து, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். இந்த ஏழு பேர்தான் அந்த டீம். எட்டாவது ஆள் கிடையாது.

"யாரு பாஸாவான்னு தெரியாதுல்ல," என்றான் ரபீக். அவன்தான் கேப்டன். மெதுவாகப் பேசுவான், கண்ணைப் பார்த்துப் பேசுவான். "அதான் யாரும் பாஸாக வேண்டாம்னு வச்சோம்."

"எப்படிடா எல்லாம் தப்பாச்சு?"

"விடையக் கண்டுபிடிச்சு, அதுக்கு அடுத்ததுல டிக் போட்டோம்."

"பதினேழாவது கணக்கு எனக்கு வரலை டீச்சர்," என்று முத்துராஜ் குறுக்கே புகுந்தான். "ரபீக் இருமிக் காட்டினான்."

தப்பாக எழுதுவதற்காகக் காப்பியடித்த பிள்ளைகளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"அடப் பாவிகளா! தோக்கணும்னா ஒழுங்காத் தோக்கத் தெரிய வேண்டாமா? ஒண்ணும் தெரியாதவனுக்கே அஞ்சு வரும்டா! பூஜ்யம் வாங்கி மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க!" என்று கத்தி, ஏன் ஐந்து வரும் என்பதை அங்கேயே படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். கோபத்தில் நான் மிக நன்றாகப் பாடம் நடத்துவேன்.

ரபீக்கின் கண் சுருங்கியது. "அஞ்சுன்னா கரெக்டா அஞ்சா டீச்சர்?"

"கிட்டத்தட்ட அஞ்சு," என்றேன்.

அந்தக் 'கிட்டத்தட்ட' அவன் காதில் விழவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அம்மாக்களின் குழு

பேட்சைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்ற நான் பட்ட பாட்டை எழுதினால் அதற்கே ஒரு தொடர் வேண்டும். பேட்சில் ஏற்கெனவே இடம் உறுதியான பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஹெட்மாஷ் என்னையும் சேர்த்துவிட்டார், தண்டனையாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் மகனுக்குக் காலையில் நீச்சல். ஒருவர் மகளுக்கு வீணை. ஒருவர் நீளமான குரல் பதிவு போட்டார், அவர் மகனின் மூளை ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திருக்காதாம்.

"பந்து விளையாடறதுக்காக நம்ம பிள்ளைங்க நேரத்தை மாத்தணுமா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நீச்சலுக்காக மாற்றாமல் இருக்கலாம், பந்துக்காக மாற்றக் கூடாது. இது என்ன நியாயம் என்று தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி தட்டச்சு செய்தேன், போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன்.

கடைசியில் காரியம் நடந்தது என் வாதத்தால் அல்ல. பிரதீப் மாஷுக்குச் சாயங்காலம் எறணாகுளத்தில் வேறு வேலை வந்தது. காலை வகுப்பு அவருக்கே சௌகரியமாகிவிட்டது. அவர் குழுவில் ஒரு வரி போட்டார், நீச்சலும் வீணையும் மூளையும் ஒரே நாளில் சரியாகிவிட்டன.

ஏழு பேருக்கும் ஐந்து

மறுதேர்வு நடந்தது. இந்தமுறை நானே உடனிருந்து திருத்தினேன். ரபீக், ஐந்து. முத்துராஜ், ஐந்து. மூன்றாவது தாளை எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு பேருக்கும் ஐந்து.

பிரதீப் மாஷ் என்னைப் பார்த்தார். ஏழு தாள்களையும் ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடி மாடிப்படி. மறுபடி அதே ஏழு தலைகள்.

"டேய்! ஜோசி சாருக்கு ஏழு வந்துச்சு, ஹெட்மாஷுக்கு நாலு வந்துச்சு. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி அஞ்சு எங்கேயாவது வருமா? கிட்டத்தட்டன்னு சொன்னேனா இல்லையா?"

"கரெக்டா இருந்தா டவுட் வராதுன்னு நெனச்சோம்," என்றான் முத்துராஜ்.

"காலைக்கு மாத்தியாச்சு, களிக்குப் பங்கம் இல்லை. ஊரெல்லாம் சண்டை போட்டு மாத்தியிருக்கேன். இன்னும் என்னடா வேணும் உங்களுக்கு?"

முத்துராஜ் வாயைத் திறந்தான். "மிண்டாதடா," என்றான் ரபீக். இங்கே 'வாயைத் திறக்காதே' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். ஆனால் முத்துராஜிடம் அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"சாதிக் அண்ணன் போன வருஷம் பேட்சுக்குப் போச்சுல்ல டீச்சர்?"

சாதிக், ரபீக்கின் அண்ணன், எங்கள் வழக்கில் காக்கா. முந்தைய வருஷம் தேர்வாகி, சில வாரங்களிலேயே நின்றுவிட்டவன். நான் விசாரித்தபோது, 'அந்தப் பையனுக்கு ஒத்துவரவில்லை' என்று எனக்குச் சொன்னார்கள்.

"ஒரு நாள் அங்க ஒரு கால்குலேட்டர் காணாமப் போச்சு. எல்லாரும் இருந்தாங்க. மாஷ் சாதிக் அண்ணன் பேக்க மட்டும் எடுத்து பெஞ்சு மேல கொட்டினாரு. சோத்துப் பாத்திரம் தெறந்து கறியெல்லாம் நோட்டுல ஊத்திருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் கால்குலேட்டர் ஜன்னல்மேல கெடந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. யாரும் ஒண்ணும் சொல்லல."

ரபீக் இப்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. "காக்கா ஒருத்தன்தான் டீச்சர் அங்க நம்ம ஆளு. அதான் அவன் பேக்கு. தனியாப் போகாதன்னு அவன்தான் சொன்னான்."

ஒரு வருஷமாக அந்தச் சாதிக் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்து வணக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நானும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

"ஏழு பேரும் சேர்ந்து போனா?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடுவாங்களா?" என்றான் ரபீக்.

ஹெட்மாஷ் அறையில்

விட மாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். பிரதீப் மாஷும் இருந்தார்.

"முதல் தேர்வுல பதினேழாவது கணக்கு," என்றேன். "சரியான விடை என்ன?"

"பி," என்றான் முத்துராஜ். "நான் சி போட்டேன்." ஏன் பி என்று விளக்கவும் செய்தான், இருமல் உதவி இல்லாமல். ஒவ்வொருவனாக ஒவ்வொரு கணக்கைச் சொன்னான். சரியான விடை இது, நான் போட்டது இது, என்று.

பிரதீப் மாஷ் நம்பாமல் ஒரு துண்டுத்தாளில் புதிதாக ஒரு கணக்கை எழுதி நீட்டினார். ரபீக் அதை வாங்கினான். மற்ற ஆறு பேரும் அவன் தோள்மேல் விழுந்து, ஆளுக்கொரு பக்கம் கத்தி, அடித்து, திருத்தி, கடைசியில் மேஜைமேல் வைத்தார்கள். மாஷ் அதை நெடுநேரம் பார்த்தார். தப்பு இருந்தால் சொல்லியிருப்பார்.

"ஏழு பேர் ஒண்ணா வந்தா சத்தம் தாங்காது சார்," என்றார் ஹெட்மாஷிடம்.

"ஒருத்தனா வந்தவனை என்ன செஞ்சீங்க மாஷே?" என்றேன். நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. சாதிக்கின் பையைப் பற்றி எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைத்தேன்.

"நான் எல்லார் பேக்கையும் பார்த்தேன்," என்றார் மாஷ்.

"பாக்கல சார்," என்றான் ரபீக். கத்தவில்லை. விடை சொல்வதுபோலத்தான் சொன்னான்.

மாஷ் மின்விசிறியைப் பார்த்தார். ஹெட்மாஷ் என்னைப் பார்த்தார். பிறகு ஏழு பேரையும் எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"சரி. ஏழு பேரும் வரட்டும். ஒருத்தன் சத்தம் போட்டாலும் ஏழு பேரும் வெளியே."

வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்த நிபந்தனை கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜோசி சார் வாசலிலிருந்து என் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது இன்னும் உறுத்துகிறது.

முதல் காலை

மழை விட்டிருந்தது. மாடியில் பேட்ச் நடக்கும் அறை, கோடவுன் பக்கத்து ஜன்னல் திறந்திருந்ததால் மிளகு நெடி. முன் பெஞ்சுகளில் மற்றப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் வராந்தாவில் நின்றேன்.

ஏழு பேரும் வந்தார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள். வரிசையாக உள்ளே போனார்கள். யாரும் உட்காரவில்லை. நேராக மாஷின் மேஜைக்குப் போய், ரபீக் முதலில், தன் பையைக் கழற்றி வைத்தான். ஜிப்பைத் திறந்து வாயைப் பிளந்து வைத்தான். அடுத்து முத்துராஜ். அடுத்து மற்றவர்கள். ஏழு பைகள், சோற்றுப் பாத்திரமும் நோட்டும் வெளியே தெரிய, மேஜை நிறைய.

"என்ன இது?" என்றார் மாஷ்.

"இப்பவே பாத்துக்கங்க சார்," என்றான் ரபீக். "அப்புறம் கணக்குக்கு நடுவுல எந்திரிக்க வேண்டாம்."

குறும்பு இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களே பேசி முடிவு செய்து வந்திருக்கிறார்கள், பூஜ்யத்தை முடிவு செய்தது போல.

முன் பெஞ்சில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

மாஷ் நின்றார். அவர் காது சிவந்திருந்தது. பிறகு முதல் பையை எடுத்தார். உள்ளே பார்க்காமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜிப்பை மூடி ரபீக்கின் கையில் கொடுத்தார். அடுத்ததையும் அப்படியே. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அதுவும் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்த சாதிக்கிடம்.

கடைசிப் பை முத்துராஜுடையது. அதன் ஜிப் பல் போனது. மாஷ் இழுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், நகத்தால் நெம்பிப் பார்த்தார். மூடினால் பின்னால் திறந்துகொண்டது. வகுப்பு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் நெற்றியில் வியர்வையோடு அந்த ஜிப்போடு போராடிக்கொண்டே இருந்தார்.

"அது எப்பவும் அப்படித்தான் சார்," என்றான் முத்துராஜ். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான். "நீங்க கணக்கைப் போடுங்க."